உதறும்போது முகத்தைத் திருப்பியது ஏன்?

ஓய்வுபெற்ற ஆண் செவிலியரிடம் யாரும் அனுபவக் கட்டுரை கேட்பதில்லை. கலெக்டராக இருந்தவர் எழுதலாம், ரயில் ஓட்டியவர் எழுதலாம். தொழிற்சாலையில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தவன் எழுத என்ன இருக்கிறது? மாத்திரையின் பெயர் இருக்கிறது. அதையும் எழுதக் கூடாது, விளம்பரமாகிவிடும்.

ஆனாலும் எழுதுகிறேன். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மெடிக்கல் சென்டரில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் சென்ற வாரம் போன் செய்தாள். "பிரதர், இப்ப எல்லாம் டேப்ல போட்டுட்டாங்க. 'தூசியில் வேலை செய்ததுண்டா, ஆம், இல்லை'ன்னு ரெண்டு கட்டம் வருது. எல்லாரும் 'இல்லை'யை அழுத்திட்டு கேன்டீனுக்கு ஓடறாங்க. செண்பகம் டாக்டர் இருந்தப்ப என்ன கேப்பாங்க?"

வாட்ஸாப்பில் பேசிப் பதில் அனுப்பத் தொடங்கினேன். பேசப் பேச நீண்டது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரையாவது புடிச்சு வச்சு அறுக்கறீங்களா?" என்று கேட்ட பிறகு எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுத்தில் ஒரு வசதி, வாசகர் எழுந்து போவது தெரியாது.

முதலில் என் பெயர். அது யாருக்கும் தெரியாது. ஆண் செவிலியரை எங்கள் வட்டாரத்தில் 'பிரதர்' என்பார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் நான் பிரதர், பேரப் பிள்ளைகளுக்கும் பிரதர். செவிலியர் பட்டயம் வாங்கினேன், தாம்பரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில நர்சிங் ஹோம்களில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டினேன், ஒரகடத்தில் தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கியதும் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு. இதையும் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் என் தனித்திறமை பொய்க் காய்ச்சலைக் கண்டுபிடிப்பது. தெர்மாமீட்டரைச் சூடான டீ டம்ளரில் ஒரு முக்கு முக்கிவிட்டு நாக்கின் கீழ் வைத்துக்கொள்பவர்களை ஏலக்காய் வாசனையை வைத்தே பிடித்திருக்கிறேன். நோய் இல்லாதவனிடம் நோய் இல்லை என்று கண்டுபிடிப்பதே மருத்துவம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். டாக்டர் செண்பகம் வரும்வரை.

அவருக்கு முன்பு வந்த டாக்டர்கள் வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து, கையெழுத்துப் போட்டு, கேன்டீனில் வடையைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இவர் முழுநேரமாக வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். சின்ன உருவம், சின்னக் குரல். முதல் நாள் வந்ததும் மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். வாஸ்து பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தள்ளினேன். தனக்கும் நோயாளிக்கும் நடுவில் மேசை இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. மேசை இருந்தால் நோயாளிகள் உடம்பின் மேல்பாதியால் மட்டும் பேசுகிறார்களாம்.

அடுத்த வழக்கம் இன்னும் வினோதமானது. 'என்ன செய்யுது?' என்று கேட்கமாட்டார். 'என்ன செய்றீங்க? செஞ்சு காட்டுங்க' என்பார். வந்தவர் எழுந்து நின்று தன் வேலையை நடித்துக் காட்ட வேண்டும். வெல்டர் வெல்டிங் வைப்பார், பெயின்ட் அடிப்பவர் காற்றில் பெயின்ட் அடிப்பார். சாமான்கள் வேண்டுமே, அதற்கு நான். என் பணிக்காலத்தில் நான் கியர்பாக்ஸாக நின்றிருக்கிறேன், கதவாக நின்றிருக்கிறேன், கன்வேயராக நகர்ந்துமிருக்கிறேன். அந்த வழியாகப் போன எச்.ஆர். மேலாளர் ஒருநாள் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மறுநாள் என்னிடம் தனியாக, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தார்.

"வாயால சொல்றப்போ மனுஷங்க முக்கியம்னு நினைக்கிறதை மட்டும்தான் பிரதர் சொல்வாங்க" என்றார் டாக்டர். "கைக்கு அந்த விவரம் கிடையாது. எல்லாத்தையும் சொல்லிடும்."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த சங்கரலிங்கம் என்ற பையன் இருமிக்கொண்டு வந்தபோது நான் இதை முதலில் புரிந்துகொண்டேன். அவன் வேலை செய்த அசெம்பிளி லைன், என் வீட்டுப் பூஜையறையைவிடச் சுத்தம். அவன் நடித்துக் காட்டியதில் இருமலுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"ஷிப்டு முடிஞ்சு?"

"ரூம்ல போய்ப் படுத்துருவேன் மேடம்."

"படுத்துக் காட்டுங்க."

வெட்கப்பட்டுக்கொண்டே பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்தான்.

"மேல என்ன தெரியுது?"

"ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு மேடம். அதயேன் கேக்கிய, அடுப்புக்குள்ள படுத்த மாதிரிலா இருக்கும். வெள்ள பெயின்ட் அடிச்சா சூடு கொறையும்னு ஓனர் சொன்னாரு. அதான் போன ஞாயித்துக்கெழம நாங்களே மேல ஏறிக் கம்பி பிரஷ்ஷ வச்சுத் தேச்சோம்லா? பாசி பூராத்தையும் எடுத்தாச்சு. கீழ ரூமெல்லாம் ஒரே மாவு."

டாக்டர் அன்று சொன்னதை இன்றும் வரி மாறாமல் சொல்வேன். ஏனென்றால் அதன் பிறகு நான் அதைப் பலரிடம் என் சொந்தச் சரக்குபோலச் சொல்லியிருக்கிறேன். அந்த ஷீட் வெறும் சிமென்ட் இல்லை. கல்நார் என்ற இழையைச் சிமென்டில் குழைத்துச் செய்வது. முழுசாக, சும்மா கிடக்கும்வரை அது தூங்குகிற நாய். அறுத்தால், துளைத்தால், உடைத்தால், சுரண்டினால் எழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழைகள் காற்றில் ஏறும், மூச்சோடு உள்ளே போகும், போனது பெரும்பாலும் திரும்பாது. "உங்க இருமல் சாதாரணத் தூசி இருமல், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார் அவனிடம். "அந்த இழை இன்னிக்கு இருமாது. இருபது வருஷம், முப்பது வருஷம் உள்ளேயே சத்தமில்லாம உக்காந்திருந்துட்டு அப்புறம்தான் ஆளைக் கூப்பிடும். அதனால ஒரு தடவை செஞ்சதுக்காகப் பயந்து சாக வேணாம். இனிமே தேய்க்காதீங்க."

வல்லக்கோட்டை போகிற வழியில் இருந்த அந்த அறைகளின் உரிமையாளரிடமும் நேரில் போய்ச் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். "டாக்டரம்மா, அது சிமென்ட்டும்மா. சிமென்ட்டு இன்னா பண்ணும்?" டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தேய்க்காமல் பெயின்ட் அடிக்கலாம், மாற்ற வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கலாம், உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுக்கலாம் என்று பொறுமையாக, ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் எங்கள் குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அதுவும் அதே ஷீட்தான். வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கும் உறவினரைப் பார்ப்பதுபோல இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் முன்னுரை. சொல்ல வந்தது எல்லம்மாவைப் பற்றி.

எல்லம்மா எங்கள் கேன்டீனில் வேலை செய்தவர். வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். அவரைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். "எளுது, ஆனா என் சாம்பாரு நல்லா இருக்கும்னும் எளுது" என்றார். எழுதிவிட்டேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், சாம்பாரை மாற்றவில்லை.

உணவு கையாளுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதில் மூச்சு ஊதும் சோதனையையும் டாக்டர் சேர்த்திருந்தார். நேராக உட்கார வேண்டும், மூக்கில் கிளிப், அட்டைக் குழாயை உதடுகளால் காற்று கசியாமல் கவ்விக்கொண்டு, நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து, ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். நுரையீரலில் இனி ஒன்றுமில்லை என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுகிறவர் நடுவில் நிறுத்திவிடாமல் பக்கத்தில் நின்று "ஊது, ஊது, ஊது, விடாதே!" என்று கத்துவது என் வேலை. என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது அந்த அறையில் மட்டும்தான்.

எல்லம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டார். மறுபடி கத்தினேன். மறுபடி நிறுத்தினார்.

"இன்னா பிரதரு, துணி கிளிப்ப மூக்குல மாட்டி வுட்டுட்டு ஊது ஊதுன்னு கூவிகினு கீற? நான் இன்னா ஈர வெறகையா ஊதறேன்?"

சரியாக முயற்சி செய்யவில்லை என்று எழுதப் போனேன். டாக்டர் உள்ளறையிலிருந்து வந்தார். "முயற்சி முழுசாத்தான் இருக்கு பிரதர். சத்தத்தைக் கேட்டேன். அவங்க நிறுத்தலை, காத்து தீர்ந்துபோச்சு."

மூச்சு வாங்குகிறது என்று எல்லம்மா ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி அகப்படவில்லை. இருந்தும் முழுக்கப் போட்டு முடித்தார். மூச்சு அப்படியேதான் இருந்தது. "ஒண்ணுக்கு மட்டும் ஆரஞ்சு கலர்ல போச்சி" என்றார் எல்லம்மா, கொடுத்த காசுக்கு அதாவது கிடைத்ததே என்கிற தொனியில்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். நேராகப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், பிறகு தலைகீழாகத் திருப்பி மாட்டினார். நேராகப் பார்த்தால் கண் தான் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும் என்பார். பிறகு நாற்காலியை இழுத்து எல்லம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"உங்க வேலையைச் செஞ்சு காட்டுங்க."

எல்லம்மாவுக்கு நடிப்பு இயல்பாகவே வந்தது. நான் சாம்பார் அண்டாவானேன். என்னைக் கிளறினார், உப்புப் போட்டார், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னிக்கி பிரதரு கொஞ்சம் சப்புன்னு கீறாரு" என்றார். ஒன்றும் அகப்படவில்லை.

"இங்க வர்றதுக்கு முன்னாடி வீட்ல?"

வாசல் தெளித்தார், உலை வைத்தார். பிறகு ஆணியிலிருந்து எதையோ எடுப்பதுபோல எடுத்து, இரண்டு கைகளாலும் அதன் தோள்பட்டைகளைப் பிடித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஓங்கி உதறினார். மறுபடி உதறினார்.

"நில்லுங்க. இது என்ன?"

"அவரு சட்டைம்மா. தொவைக்கப் போடறதுக்கு முன்னாடி ஒதறுவேன்."

"உதறும்போது முகத்தை ஏன் திருப்பினீங்க?"

"மூஞ்சில அடிக்குமே, தூசி!"

"என்ன தூசி?"

"லாரி பிரேக்கு தூசி. எங்க வூட்டுக்காரரு பிரேக்கு ஷெட்டுல கீறாரு இல்ல."

கணவர் முனுசாமி, நெடுஞ்சாலையோரம் ஒரு ஷெட்டில் பழைய லாரிகளின் தேய்ந்த பிரேக் லைனிங் பட்டைகளைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது அடிப்பவர். எங்கள் கம்பெனி கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தத் தொழில். அவர் இளமையில் தொட்ட லைனிங் எல்லாமே கல்நார் கலந்தது. இப்போதும் பழைய லாரிகளுக்கு மலிவாக வருவதில் அது இருக்கும்.

"உதறாம அப்படியே ஊறப் போடக் கூடாதா?"

"அய்ய, நல்லா கேட்டீங்க. அப்டியே போட்டா ஒரு பக்கெட்டு தண்ணியும் சேறாப் பூடும். தண்ணி வண்டி என்னிக்கி வரும்னு யாரு கண்டா? ஒதறிப் போட்டா அதே தண்ணியில இன்னும் நாலு துணி அலசலாம். கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இப்டித்தான்." கொஞ்சம் பெருமையோடு சொன்னார். பெருமைக்குரிய சிக்கனம்தான். தண்ணீர் அருமை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "இப்ப நான் ஒதர்றதில்ல. கை தூக்குனா மூச்சு வாங்குது. மருமவதான் ஒதர்றா, பேத்திய இடுப்புல வச்சிகினு" என்றார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மறுபடி திறந்து, சென்னையில் நெஞ்சுநோய் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏறி எல்லம்மாவை நான்தான் அழைத்துப் போனேன். நீரை எடுத்தார்கள், ஊசியால் சதை கிள்ளிப் பார்த்தார்கள். புற்றாக இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை டாக்டர் என்னிடம்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. புற்று இல்லை என்று வந்தது. கல்நார் செய்த வேலைதான் என்றும் வந்தது. அதை டாக்டர் செண்பகம் எல்லம்மாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நுரையீரலைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கும் எல்லம்மா. உங்களுக்கு அது தடிச்சுத் தோல் மாதிரி இறுகிப்போச்சு. நீங்க இழுத்தாலும் உள்ள விரிய இடமில்லை."

"மாத்தர போட்டா இளகுமா?"

"இளகாது. இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். வருஷா வருஷம் படம் எடுப்போம். அண்டா வேலை வேணாம்."

"எதனால வந்திச்சி?"

டாக்டர் பொய் சொல்லமாட்டார். சொன்னார். எல்லம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"அவராண்ட சொல்லிடாதீங்க டாக்டரம்மா. ஒரு குடி கெடையாது, ஒரு பீடி கெடையாது. அந்த தூசியிலதான் வூட்டைக் கட்னாரு, புள்ளையப் படிக்க வச்சாரு. என் சட்டதான் உன்ன இப்டி பண்ணிச்சான்னு சாவற வரைக்கும் அதையே நெனச்சிகினு கெடப்பாரு. வாணாம்."

"மருமக?"

"ஒதறாதன்னு நான் சொல்லிக்கிறேன்."

"சரி. நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

எல்லம்மா போனதும் நான் வெடித்தேன். மருமகள் உதறாவிட்டால் மட்டும் போதுமா? சட்டை வீட்டுக்குள் ஆணியில்தானே தொங்குகிறது? முனுசாமியின் தலைமுடியிலும் தூசி வருமே, அதோடு வந்துதானே பேத்தியைத் தூக்குவார்? அந்த மனிதர் தினமும் அதற்குள்ளேயே நிற்கிறாரே? நோயாளியின் ரகசியமும் முக்கியம், அதற்காகச் சின்னக் குழந்தையை விட்டுவிடுவதா? எனக்கு அவ்வளவு ஆவேசம் வரும் என்று எனக்கே தெரியாது. ஊதும் கருவிக்கு வெளியே நான் கத்தியது அன்றுதான்.

டாக்டர் முழுவதும் கேட்டார். "சொல்லமாட்டேன்னுதான் சொன்னேன் பிரதர். கேக்கமாட்டேன்னு சொல்லலையே. முனுசாமியை வரச் சொல்லுங்க. பிரேக் வேலை செய்றவர், அவர் நெஞ்சையும் பாக்கணும்."

முனுசாமி கோயிலுக்கு வருவதுபோல வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். நெடிய ஆள். என்னைவிட நன்றாக ஊதினார். படத்தில் அங்கங்கே சில தழும்புகள், மூச்சுக்கு இன்னும் சேதமில்லை. பிரேக் தூசியில் இருக்கும் கல்நார் போட்ட தழும்பு அது என்று டாக்டர் அவரிடம் சொன்னார். "எனக்கு இன்னாம்மா, கல்லு மாதிரி கீறேன். அவளுக்குத்தான்…" என்று இழுத்தார்.

"உங்க வேலையைச் செஞ்சு காட்டுங்க."

நான் லாரியின் பிரேக் டிரம் ஆனேன். சக்கரத்தைக் கழற்றினார், டிரம்மை இழுத்தார். கம்பிரஸர் குழாயை எடுத்து என்மேல் காற்றடித்தார். பாவனைதான், ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழைய லைனிங்கைத் தட்டினார், புதியதை வைத்து ரிவிட் அடித்தார், ஓரத்தைக் கிரைண்டரில் கொடுத்துத் தேய்த்தார். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"அப்புறம்?"

"கூட்டுவேன்."

"அப்புறம்?"

"மேலுக்குக் காத்தடிச்சிக்குவேன். சுத்தமாப் போவணும் இல்ல வூட்டுக்கு?" குழாயைத் தன் தோளில், கையில், காலில் அடித்துக்காட்டினார்.

"அப்புறம்?"

"வண்டி எடுப்பேன். வூட்டுக்குப் போனா பேத்தி ஓடியாருவா, தூக்குவேன். சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? காத்தால அவ எடுத்து…"

அவருடைய கைகள் தாமாக எழுந்தன. ஆணியிலிருந்து எடுத்தன, தோள்பட்டைகளைப் பிடித்தன, ஓங்கின. முகம் தானாக ஒரு பக்கம் திரும்பியது. அத்தனை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர் அல்லவா, அப்படியே எல்லம்மா. கைகள் இறங்கவில்லை. அவர் முகம் திரும்பிய பக்கம் நான் நின்றிருந்தேன். அதனால் அந்த முகத்தைப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை.

டாக்டர் காத்திருந்தார். அந்த மௌனத்தில் 'அப்புறம்' என்று அவர் கேட்கவில்லை. அவரை நான் மிகவும் வியந்தது எதற்காக என்று கேட்டால், அந்தக் கேட்காமல் விட்டதற்காக.

கைகளை இறக்கி, முனுசாமி கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?"

"அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்."

"கேக்கமாட்டேன்." உடனே எழுந்துவிட்டார். "பாப்பா வூட்ல கீது. நான் போறேன். அந்தத் துணியெல்லாம் போட்டுக் கொளுத்திட்றேன்."

"கொளுத்தாதீங்க. கல்நார் எரியாது, அதுக்காகத்தான் அதைப் பிரேக்ல வைக்கிறாங்க. உக்காருங்க, சொல்றேன்."

சொன்னார். வீட்டில் இருக்கிற வேலைத் துணியை உதறாமல் நனைத்து, பாலித்தீன் பைக்குள் பை போட்டுக் கட்டுவது. ஆணிச் சுவரையும் தரையையும் ஈரத்துணியால் துடைப்பது. இனி வேலைத் துணி ஷெட்டை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்வது. அங்கேயே ஊற வைத்து அலசி, அங்கேயே குளித்து, வேறு உடையில் வீட்டுக்கு வருவது. டிரம்மில் காற்று கூடவே கூடாது, சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பது. முகத்தில் கட்டுகிற கர்சீப் கொசுவுக்குக்கூடத் தடையில்லை, அதற்கென்று இருக்கிற மாஸ்க் வேண்டும். முனுசாமி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "மொதலாளி ஒத்துக்கணுமே" என்றார்.

"நாங்க வந்து பேசறோம்."

மறுவாரம் போனோம். ஷெட் முதலாளி தாமோதரன் நல்ல மனிதர், உடனே டீ சொன்னார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு லாரி சக்கரமில்லாமல் முட்டுக் கொடுத்து நின்றது. முனுசாமியும் இன்னும் சிலரும் வேலையாக இருந்தார்கள். கம்பிரஸர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பேசி முடிக்கும்வரை முதலாளி பணிவாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. முப்பது வருசமா இங்க காத்தடிச்சிகினுதான் கீறோம். யாருக்கு இன்னா ஆயிட்ச்சி? ஒரே ஒரு ஆளு பேரு சொல்லுங்க. நாளைக்கே நிறுத்திட்றேன்."

அந்தப் பெயர் டாக்டரின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் காற்று நிற்கும். அவர் சொல்லவில்லை. டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "பொதுவா நடக்கிறதைத்தான் சொல்றேன்" என்றார். வெறும் வாயால் வாதாடும் படித்த பெண்மணியாக அங்கே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார்.

"நான் சொல்றேன் மொதலாளி."

முனுசாமி சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"நீ இன்னாத்தடா சொல்லப் போற? நீதான் எருமை மாதிரி நல்லா கீறியே."

"நான் நல்லாத்தான் கீறேன். எம் பொண்டாட்டி நல்லா இல்ல. என் சட்டைய ஒதறி ஒதறி அவளுக்கு நெஞ்சு இறுகிப் போயிட்ச்சி."

மற்றவர்கள் கையிலிருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஆணி இருந்தது, ஒரு சட்டை இருந்தது, அதை உதற ஒருத்தி இருந்தாள். தாமோதரன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு அவரே போய்க் கம்பிரஸரை அணைத்தார்.

அந்த ஷெட் அன்றோடு சொர்க்கமாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மாஸ்க்கைப் பலர் கழுத்தில் தாலிபோலத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் டிரம்மில் காற்றடிப்பது நின்றது. பின்பக்கம் ஒரு தொட்டியும் தடுப்பும் வந்தன. கல்நார் கலக்காத லைனிங் இருக்கிறதா என்று முதலாளி கடையில் கேட்கத் தொடங்கினார். வேலை முடிந்ததும் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து துணி அலசுவதை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். "இன்னா மாமா, பொண்டாட்டி கோச்சிகினு பூட்டாளா?" என்று குரல் கொடுத்தார்கள். இவர்கள் அடுத்த துணியை எடுத்து நனைத்தார்கள்.

எனக்கு வேறு கவலை. ஷெட்டில் நாலு பேர் முன்னிலையில் சொன்னது ஊருக்குள் போகாமலா இருக்கும்? அடுத்த முறை எல்லம்மா ஊத வந்தபோது நான் கிளிப்பைத் தேடுகிற சாக்கில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கேன்டீனில் இப்போது அவர் டோக்கன் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் எதிரே வந்து உட்கார்ந்து, "நீங்க சொல்லலியாமே" என்றார்.

"இல்லை."

"தெரியும். அவரே சொன்னாராம், எல்லார் எதிர்லயும். ஊரே பேசிக்கிது."

"வீட்ல வந்து உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"ஒரு வார்த்த இல்ல. நானும் ஒண்ணும் கேக்கல. வேலத் துணிய அங்கயே அலசிட்டு வர்றாரு, அது சரி. இப்ப வூட்டுத் துணியும் யாரும் தொடக் கூடாதாம். காத்தால எந்திரிச்சிப் பக்கெட்ட எடுத்துகினு குந்திக்கிறாரு. அந்தாளுக்குத் துணி தொவைக்க இன்னா தெரியும்? செவப்புத் துண்டையும் எம் பொடவையையும் ஒண்ணா ஊறப் போட்டுட்டாரு பிரதரு."

அப்போதுதான் கவனித்தேன். அவர் கட்டியிருந்த வெளிர்மஞ்சள் புடவை, இடுப்புக்குக் கீழே திட்டுத் திட்டாக ரோஸ் நிறத்தில் இருந்தது. சோப்புகூடச் சரியாக அலசப்படாமல் முந்தானையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"வேற புடவை இல்லையா?" என்றேன்.

"பொட்டி நெறைய கீது" என்றார் எல்லம்மா. மடிப்பை ஒருமுறை நீவிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கிளிப்புக்காக முகத்தை நீட்டினார்.